மதிப்பெண்ணும் கல்லூரி வாயிலும்

(காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குரிய பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அறக்கட்டளையினர் என்னிடமே விட்டுவிட்டார்கள். இலக்கியத்திலிருந்தோ சமயத்திலிருந்தோ ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதே இத்தகைய மேடைகளின் சம்பிரதாயம் என்பதை அறிந்திருந்தும், மே மாதம் பிறந்ததும் இந்தப் பக்கத்து ஊர்களில் தறி இருக்கும் வீடு, ஏர் இருக்கும் வீடு, இரண்டும் இல்லாத வீடு என்ற வித்தியாசமின்றி எல்லா வீடுகளிலும் எந்தப் பேச்சு நிறைந்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்ற அந்தக் கேள்வி, பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து உறவினரும் அயலாரும் கேட்கும் முதற் கேள்வியாகவும், பல சமயங்களில் ஒரே கேள்வியாகவும் ஆகிவிட்டது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல அதற்குச் சக்தியில்லை என்பவற்றை நிதானமாக ஆராய்வது, அதனால் மகிழ்ந்தவர்களுக்கும் வருந்தியவர்களுக்கும் ஒருங்கே பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பொறியியற் கல்லூரிகளுக்குரிய தரவரிசைக்கு, பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களில் மூன்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கணிதம் நூற்றுக்கு வாங்கியது வாங்கியபடியே நிற்க, இயற்பியலும் வேதியியலும் ஐம்பதாகச் சுருங்கி, மொத்தம் 200 ஆகிறது. கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 பெற்ற ஒரு பெண்ணுக்கு 92, 42.5, 44 என்பவை கூடி 178.5 வரும். கணிதத்தில் 90, இயற்பியலில் 89, வேதியியலில் 88 பெற்ற ஒரு பையனுக்கும் 90, 44.5, 44 என்பவை கூடி அதே 178.5 தான் வரும். மூன்று பாடங்களையும் நேராகக் கூட்டிப் பார்த்தால் பையனுக்கு 267, பெண்ணுக்கு 265. ஆனாலும் கட்-ஆஃப் சமமாகும்போது கணிதத்தில் மிகுந்தவரே முன்னிற்க வேண்டும் என்பது விதியாதலால் பெண்ணே முந்துகிறாள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் முழு மதிப்பெண்ணாகவும் இயற்பியலில் ஒரு மதிப்பெண் அரை மதிப்பெண்ணாகவும் எண்ணப்படுகிற இந்த உண்மையை, பரீட்சைக்கு ஓராண்டு முன்னரே அறிந்து படிக்கும் பிள்ளையும், முடிவு வந்த பிறகு அறிந்துகொள்ளும் பிள்ளையும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு பாடத்திட்டங்களில் படித்தவர்களை இதே வரிசையில் நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 100 ஆகவும், மற்றொரு வாரியத்தில் அதே பாடத்தின் முதல் மதிப்பெண் 90 ஆகவும் இருந்தால், இரண்டும் 100 என்றே கொள்ளப்பட்டு, அந்த வாரியத்தில் 60 பெற்றவர் 66.66 பெற்றவராகக் கருதப்படுவார். இந்த உதாரணம் நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. விஷயம் சிறிதென்றாலும், மதிப்பெண் என்பது கல்லில் வெட்டிய அளவன்று, எந்தப் பரீட்சை, எவர் திருத்தினார், எவரோடு ஒப்பிட்டார் என்பவற்றைச் சார்ந்து நிற்கும் ஓர் அனுமானமே என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

இனி, சமமாகிறவர்கள் எத்தனை பேர் என்பதைக் கவனியுங்கள். பாடத்திற்கு 200 ஆக மொத்தம் 1200 மதிப்பெண் இருந்த நாளில், இயற்பியலின் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் கால் மதிப்பெண்ணாயிற்று, ஆகையால் 196.75, 191.25 என்று கால் கால் படிகளாக வரிசை பிரிந்தது. 600 மதிப்பெண் முறை வந்த 2019 முதல் அரை மதிப்பெண்ணே மிகச் சிறிய படி. பூஜ்யத்திலிருந்து 200 வரை அரை அரையாக ஏறினால் 400 படிகளே உண்டு. 2024 ஆம் ஆண்டின் பொறியியல் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றவர்களோ ஏறத்தாழ 2 லட்சம் பேர். 200-க்கு 200 பெற்றவர்களே 65 பேர். எல்லாப் படிகளிலும் சீராகப் பரவினாற்கூடப் படிக்கு ஐந்நூறு பேர் நிற்பார்கள்; நடுப்படிகளில் அதனினும் நெரிசலாக நிற்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. இவர்களைப் பிரிக்கக் கணிதம், பின்னர் இயற்பியல், பின்னர் மற்றப் பாடங்களும் முந்தைய பரீட்சைகளும், அதன்பின் பிறந்த தேதி என்று விதிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. சிற்சில ஆண்டுகளில் இவ்வரிசை சிறிது மாறினாலும், கடைசியில் நிற்பது மாறுவதில்லை. அது விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கிப்போட்டுத் தரும் ‘ரேண்டம் எண்’ ஆகும். அறிவின் அளவுகோல்கள் எல்லாம் தீர்ந்த இடத்தில் அரசாங்கமே சீட்டுக் குலுக்குகிறது.

சீட்டுக் குலுக்குவது என்றதும் இந்த ஊரில் நிற்கும் எவருக்கும் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் உத்திரமேரூர் நினைவுக்கு வராமற் போகாது. முதற் பராந்தக சோழனுடைய 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது சுமார் கி.பி. 919, 921 இல், அவ்வூர்ச் சபையார் வாரியங்கள் எனப்பட்ட தம் நிர்வாகக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள் என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் பெருமையோடு சொல்கின்றன. குடத்தில் ஓலை போவதற்கு முன்னர் ஒரு வடிகட்டல் இருந்தது என்பதை அந்த வேகத்தில் நாம் மறந்துவிடுகிறோம். வயது 35-க்குக் குறையாமல் 70-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிகுந்திருப்பின் நிலம் அரைக்கால் வேலியாயினும் போதும் என்று ஒரு தளர்வும் இருந்தது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் என் சிந்தையை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கின்றன. தகுதி ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு எல்லோரும் சமம் என்று அந்தச் சபையார் கருதினார்கள். தாண்டியவர்களுக்குள் முதல்வன் யார், மூன்றாமவன் யார் என்று அவர்கள் ஆராயவில்லை. இது அந்த ஏற்பாட்டின் மேன்மை. அந்தக் கோட்டை வரைந்த விதத்திலோ அநியாயம் புகுந்திருந்தது. நிலமில்லாதவன் எத்தனை நேர்மையாளனாயினும் குடத்துக்குள் போக முடியாது. வேதத்தைக் கற்பதற்கே அனுமதியில்லாத பெருந்திரளான மக்களிடம், வேதம் கற்றிருக்கிறாயா என்று கேட்பதில் நியாயம் ஏது? பெண்களின் பெயர் எழுதிய ஓலையை அந்தக் குடம் காணவில்லை. கற்கும் வழியை அடைத்துவிட்டுக் கல்வியைத் தகுதியாக வைக்கும்போது, அளக்கப்படுவது மனிதனுடைய திறமையோ, அவனுக்கு வாய்த்த பிறப்போ என்ற கேள்வி எழுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டில் கல்லூரிப் பிரவேசத்தின் சரித்திரம் முழுவதும், எனக்குத் தெரிந்தவரையில், இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய சரித்திரமே.

அந்தச் சரித்திரம் நீதிமன்றங்களின் வழியே நடந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணையின்படி, பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று மருத்துவ, பொறியியல் இடங்கள் பகுக்கப்பட்டிருந்தன. சம்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பாரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற விதி சேர்ந்தது. மருத்துவ இடங்களை மாவட்டந்தோறும் ஜனத்தொகைப்படி பங்கிட்ட முறை, செங்கற்பட்டு போன்ற மாவட்டங்களின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கக்கூடும். 1968 இல் ராஜேந்திரன் வழக்கில் அது நீக்கப்பட்டது. 1970 இல் பெரியகருப்பன் வழக்கு நேர்முகத் தேர்வுக்கு வைத்திருந்த 75 மதிப்பெண்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வில் பின்தங்கியவர்கள் அதிகாரிகள் முன்னிலையில் சில நிமிடங்கள் பேசியதனால் முன்னேறிய விந்தையை நீதிபதிகள் கண்டித்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சிபாரிசு புகக்கூடிய வாசல்களை அடைப்பதில் மதிப்பெண்ணுக்கு நிகரான தாழ்ப்பாள் வேறில்லை; குக்கிராமத்துப் பிள்ளை யாருடைய தயவையும் நாடாமல் கல்லூரிக்குள் நுழைய முடிந்ததென்றால் அது மதிப்பெண் பட்டியலின் உபகாரமே. மதிப்பெண்ணின் குறைகளைப் பேச வந்த நான், இதைச் சொல்லாமல் மேலே போவது நன்றி மறந்த செயலாகும்.

1984 இல் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பள்ளிப் பரீட்சையின் 200, நுழைவுத் தேர்வின் 100 ஆக 300-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. பயிற்சி நிலையங்கள் நகரத்தில் இருந்தன; பணம் இருந்தவர்கள் அங்கே சென்றார்கள். 2006 இல் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து, நுழைவுத் தேர்வை விலக்கப் பரிந்துரைத்தது. அதன்வழி இயற்றிய சட்டம் 2007 இல் உயர் நீதிமன்றத்திலும் நிலைபெற்றது. அதன் பிறகு பத்தாண்டுகள் பள்ளிப் பரீட்சையே ஏகசக்கராதிபதியாக ஆண்டது. அந்த ஆட்சியிலும் தோஷம் இருந்ததைச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்து உண்டுறைப் பள்ளிகள் சில பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்தன. பாடத்தின் பின்பக்கத்து வினாக்களை மனப்பாடம் செய்தவன் முழு மதிப்பெண் பெற்றான். பயிற்சி நிலையம் பள்ளிக்கூடத்தின் பெயரில் வேடம் பூண்டது என்றே சொல்லலாம்.

2017 இல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் அமலுக்கு வந்தது. 180 வினாக்கள், வினாவுக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு, மொத்தம் 720. அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த அனிதா 1200-க்கு 1176 பெற்றவர். மருத்துவத்துக்குரிய பழைய கணக்கில் அவருடைய கட்-ஆஃப் 196.75. நீட் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 86. உச்ச நீதிமன்றம்வரை சென்று தன் நியாயத்தைச் சொன்ன அந்தப் பெண் 2017 செப்டம்பர் முதல் நாள் மறைந்தார். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெண், ஒரே ஆண்டு, ஒரே உயிரியல், வேதியியல், இயற்பியல். ஓர் அளவுகோல் அவரை உச்சியிலும் மற்றோர் அளவுகோல் அடியிலும் வைத்தது. இரண்டில் எது பொய் என்று வாதிட்டுப் பயனில்லை. இரண்டும் வெவ்வேறு பழக்கத்தை அளந்தன. ஒன்றுக்குரிய பழக்கத்தை அவருடைய பள்ளி தந்தது, மற்றொன்றுக்குரிய பழக்கத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2021 இல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு திரட்டிய விவரங்கள், நீட் வழியே இடம் பெற்றவர்களில் தனிப் பயிற்சி பெற்றவர்களும் மறுமுறை எழுதியவர்களும் எவ்வளவு மிகுந்துவிட்டார்கள் என்பதையே காட்டின. ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதுவதற்கு ஒரு குடும்பம் அந்த ஓராண்டைத் தாங்க வேண்டும். இந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் தாங்கும்?

நெசவாளர் வீடொன்றை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். கோர்வைச் சேலை நெய்யும் தறியில், உடலை நெய்பவர் ஒரு பக்கம் இருக்க, கரையின் நாடாவைத் தள்ளித் தர மறுபக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுத்தால் சேலையில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே ஒரு காலத்தில் எல்லா வீடுகளிலும், இப்போது சில வீடுகளில், பள்ளி விட்டு வந்த பிள்ளையே அங்கே உட்காரும். ஒரு கையில் நாடா, மடியில் இயற்பியல் புத்தகம், தறிச் சத்தத்துக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமென்று உரக்கப் படித்த பெண்ணை நான் அறிவேன். அவள் வாங்கிய 85 ஐயும், தனி அறையும் தனி ஆசிரியரும் வாய்த்த பிள்ளையின் 89 ஐயும் ஒரே துலாக்கோலில் நிறுத்தி, நான்கு மதிப்பெண் குறைவு என்று மட்டும் எழுதிக்கொள்வது கணிதப்படி சரி, நியாயப்படி அரைகுறை.

இந்த அரைகுறையை நிரப்பும் முயற்சியாகவே அரசுப் பள்ளி மாணவருக்குரிய 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நான் காண்கிறேன். நீதிபதி கலையரசன் குழுவின் ஆய்வுக்குப் பின் 2020 இல் மருத்துவத்திலும், நீதிபதி முருகேசன் குழுவின் ஆய்வுக்குப் பின் 2021 இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளிலும் அது சட்டமாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள்ளே போட்டியிடுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே மருத்துவக் கல்லூரிக்குள் போன நிலை மாறி, முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தகுதிக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எவரும் இதனால் உள்ளே வரவில்லை. கோட்டைத் தாண்டியவர்களுக்குள் யாரை முன்னிறுத்துவது என்ற இடத்தில்தான் சட்டம் குறுக்கிட்டது.

இத்தகைய குறுக்கீடு எல்லாவிடத்தும் நன்மையே செய்யுமென்று சொல்லமாட்டேன். கடல் கடந்த ஈழத்தில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரால், ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதிய மாணவர் 400-க்கு 250 பெற வேண்டும், சிங்களத்தில் எழுதியவர் 227 பெற்றால் போதும் என்று கோடு இரண்டாக வரையப்பட்டது. வறுமையையோ பள்ளியின் குறையையோ பாராமல் மொழியை மட்டும் பார்த்த அந்தக் கோடு, யாழ்ப்பாணத்து இளைஞர் ஒரு தலைமுறையின் நெஞ்சில் தீயை மூட்டியது. கோட்டை நகர்த்துகிறவர்கள் எந்தக் குறையை ஈடுகட்ட நகர்த்துகிறார்கள் என்பதைப் பகிரங்கமாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சொல்ல முடியாத காரணத்துக்காக நகர்த்தப்படும் கோடு நாட்டையே பிளக்கும்.

நெதர்லாந்து நாட்டார் வேறொரு வழியைக் கண்டார்கள். 1972 முதல் பல பத்தாண்டுகள் அங்கே மருத்துவக் கல்விக்குத் தகுதி பெற்றவர்களிடையே சீட்டுக் குலுக்கினார்கள்; மதிப்பெண் மிகுந்தவர்களுக்கு வாய்ப்பும் மிகுந்திருக்குமாறு ஏற்பாடு செய்தார்கள். 2017 இல் அதைக் கைவிட்டுக் கல்லூரிகளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். சில ஆண்டுகளில், அந்தத் தேர்விலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே முந்துவதைக் கண்டு, குலுக்கலுக்கு மறுபடி இடம் தந்தார்கள். நம் நாட்டில் குலுக்கலை நான் சிபாரிசு செய்ய வரவில்லை. நம்மவர் அதை ஏற்கமாட்டார்கள், ஏற்கும்படி வற்புறுத்தவும் கூடாது. தகுதிக்கு மேற்பட்ட வரிசையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட அந்த மனோபாவம் நமக்கும் வேண்டும். 178.5 பெற்ற பிள்ளைக்கும் 179 பெற்ற பிள்ளைக்கும் இடையே உள்ள வித்தியாசம், அன்று காலை வந்த தலைவலியாக இருக்கலாம், திருத்தியவரின் கை தாராளமாக இருக்கலாம், படித்த பக்கத்திலிருந்து ஒரு வினா வந்திருக்கலாம். அறிவின் வித்தியாசம் என்று அதற்குப் பெயரிட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பெற்றோருக்கும் உரிமையில்லை, ஆசிரியருக்கும் உரிமையில்லை. 2021 இல் பெருந்தொற்றினால் பரீட்சையே நடவாமல், பத்தாம் வகுப்புக்கு 50, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் கூட்டித் தரப்பட்டதையும், அந்தப் பிள்ளைகளும் கல்லூரிகளில் சேர்ந்து படித்ததையும் நாம் கண்ணாரக் கண்டோம்.

மதிப்பெண் வந்த பிறகு நடக்கும் ஒரு காரியத்தில் நம் கிராமங்கள் இழப்பது மிக அதிகம் என்பதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கவுன்சலிங் 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்களுக்குள் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் தம் விருப்ப வரிசையில் பதிய வேண்டும். ‘சாய்ஸ் ஃபில்லிங்’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். ஆயினும் ஐந்தோ ஆறோ பெயர் கேட்ட கல்லூரிகளை மட்டும் பதிந்துவிட்டு, அவையெல்லாம் தமக்கு முன்னிருப்பவர்களால் நிரம்பிவிட, அந்தச் சுற்றில் இடமே பெறாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. விரும்பிய பிரிவைக் கீழேயும் விரும்பாததை மேலேயும் எழுதி, மேலே எழுதியதே கிடைத்துவிட்டதென்று அழுபவர்களும் உண்டு. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த வகுப்பாருக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் யாவரும் பார்க்கக் கிடக்கிறது. அதைப் பார்த்து, தன் எண்ணுக்குச் சற்று மேலே உள்ளவற்றை முதலிலும், எண்ணுக்கு ஒத்தவற்றை நடுவிலும், நிச்சயம் கிடைப்பவற்றை இறுதியிலும் எழுத வேண்டுமென்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில் அந்த ஒருவர் இல்லை. கையில் இருக்கும் 178.5 இன் முழு மதிப்பும் அந்த ஒருவர் இல்லாமையால் 165 ஆகச் சுருங்கிவிடுகிறது. படித்துப் பெற்றதை இப்படிப் படிக்காமையால் இழப்பது கொடுமையினும் கொடுமை.

ஆகவே இந்த அறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தும் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, மே முதல் ஆகஸ்ட் வரை இந்த ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ மாலை நேரத்தில் ஒரு மேஜையும் ஒரு கணினியும் இணைய வசதியும் ஏற்படுத்துங்கள். கல்லூரியில் மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் இவ்வூர் மாணவர் இருவரை அங்கே உட்கார வையுங்கள். அவர்களுக்கு மரியாதையான ஒரு தொகை கொடுங்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகியவற்றை ஏப்ரல் மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட்டார்களா என்று வீடு வீடாகக் கேட்டுவர ஆசிரியர் ஒருவர் முன்வந்தால், பட்டியலில் இடமிருந்தும் காகிதமில்லாமல் திரும்பும் பிள்ளைகள் குறைவார்கள். பொறியியலோடு நில்லாமல், அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அந்த மேஜையிலேயே விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தின் விவரம் அங்கே எழுதித் தொங்க வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கும் தந்தையும் தாயும் வேலையை விட்டுவர முடியாதவர்கள். வர முடிந்த மாலையில் வந்து, என் மகளுக்கு இவ்வளவு வந்திருக்கிறது, எதை முதலில் எழுதலாம் என்று கூச்சமின்றிக் கேட்கும்படி அந்த இடம் அமைய வேண்டும். இவ்வாண்டுப் பரீட்சை முடிவு வருவதற்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால், இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னரே இதற்கொரு குழுவை அமைத்துவிடுமாறு அவைத்தலைவரை வேண்டிக்கொள்கிறேன்.